அபி இல்லாத பட்டியல்

பட்டியலை ஒட்டியது உதவிக் கோச் ஜெனோதான். கோச் உலகம்மை பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

காலை ஏழு மணி. மேலகரம் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரி மைதானத்தில் சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. விளையாட்டு அறைக் கதவுக்கு முன்னால் முப்பத்திரண்டு பெண்கள் ஈரத் தலையோடு பேச்சில்லாமல் நின்றார்கள். மாநில ஜூனியர் கால்பந்து அணிக்கு இருபது பேர். மூன்று வார முகாம் அந்த ஒரு தாளில் முடிந்துவிட்டது.

டிஃபென்டர்கள் வரிசையில் ஏழு பெயர்கள். அபியின் பெயர் இல்லை.

அபி தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள். ஏழாவதாக இருந்த ஜுஹைனா, கடையநல்லூர்ப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். அபி அவள் தோளைத் தட்டினாள்.

"அழாதட்டி. போய் உங்க வாப்பாவுக்குப் போனைப் போடு."

சொல்லிவிட்டுக் கூட்டத்தை விட்டு விலகி, கோல் கம்பத்தைப் பார்த்து நடந்தாள். நொண்டாமல் நடக்க அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். உலகம்மைக்கு, ஜெனோவுக்கு, முகாமின் பிசியோ பெண்ணுக்கு.

போன வியாழக்கிழமை பயிற்சியில் பந்தைத் தலையால் முட்ட எழும்பிய அபி ஒற்றைக் காலில் இறங்கியதும், உள்ளே ஏதோ 'டப்'பென்று கேட்டதும், யாரிடமும் சொல்லாமல் அவள் எழுந்து ஓடியதும், மறுநாள் விடுதிப் படிகளில் ஒவ்வொரு படியாக அவள் இறங்குவதை அத்தை உலகம்மை பார்த்துவிட்டதும் சென்ற வாரம் நாம் கண்டவை. முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கும், ஸ்கேன் எடுத்தால்தான் எவ்வளவு என்று தெரியும் என்று பிசியோ சொல்லிவிட்டாள். அபிக்குப் பயிற்சி நிறுத்தப்பட்டது. 'அப்பாட்ட நானே சொல்லுதேன் அத்தை, லிஸ்ட் மட்டும் வரட்டும்' என்று அவள் கெஞ்சி வாங்கிய நான்கு நாள் இன்றோடு முடிகிறது.

உலகம்மை கோல் கம்பத்துக்குப் போனாள். அபி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லிஸ்ட்ல பேரு வந்துரும்னு நெனச்சேன். கட்டுப் போட்டாவது ஆடிருவேன்னு..."

"தெரியும். அதான் எடுக்கல."

"அப்பா மேட்ச் பாக்க கோவாவுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருக்காக அத்தை. குத்தாலச் சீசன்ல பத்து நாள் லீவு. போலீஸ் ஸ்டேஷனே சிரிச்சுதாம், ஏட்டையாவுக்கு என்ன ஆச்சுன்னு. அவுககிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"வாயாலதான்."

அபிக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்துவிட்டது. உலகம்மை அவளை அணைக்கவில்லை. முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணைத்தால் இன்னும் பத்து நாளைக்குப் பேச்சு ஓடும்.

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உனக்கு டைம். நாளைக்குத் திருநவேலியில ஸ்கேன் எடுத்தாகணும், அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கிடையாது. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

"அதுவரைக்கும் அப்பா உங்களைல்ல வைவாக?"

"வையட்டும். அண்ணன்தான?"

சொல்லிவிட்டாளே தவிர, அண்ணன் வைவதைத் தாங்கிக்கொள்வது உலகம்மைக்கு அவ்வளவு லேசான காரியம் இல்லை.

இந்திய அணிக்காக நாற்பத்தாறு ஆட்டம் ஆடியவள் அவள். ஸ்டாப்பர் பேக். கோல் போடுகிறவர்கள் பெயர்தான் பத்திரிகையில் வரும். கோல் விழாமல் தடுக்கிறவள் பெயர், தடுக்கத் தவறிய அன்றைக்கு மட்டும் வரும். அப்படி அவள் பெயர் வந்த நாட்கள் மிகவும் குறைவு. தன்னைவிட ஒரு அடி உயரமான வெளிநாட்டுக்காரியைக் கூட, மேலே விழாமல், காலை நீட்டாமல், பக்கத்திலேயே ஓடி ஓடி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

அதைக் கற்றுக்கொண்டது இலஞ்சியில், அறுப்பு முடிந்த வயலில். பந்தைக் கொண்டு வருகிறவன் அண்ணன் இசக்கிமணி. தடுக்கிறவள் அவள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினெட்டு. விட்டுக்கொடுத்து ஆட அவனுக்குத் தெரியாது. அறுத்த நெல்தாள் குத்தி அவள் முழங்கையெல்லாம் ரத்தமாக வந்தபோது அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். 'ரெண்டு வருஷத்துல பாரு, இவ என்னைத் தாண்ட விடமாட்டா' என்று குறுக்கே நின்றவன் அவன்தான். திருநெல்வேலித் தேர்வுக்கும், பிறகு சென்னைத் தேர்வுக்கும் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான். சென்னைத் தேர்வு நடந்த அன்றைக்கே அவனுக்கு ராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டம் இருந்தது. அவன் போகவில்லை. அடுத்த வருடம் போலீஸில் சேர்ந்தான்.

அவனுடைய ஒரே மகள் அபி. பதினாறு வயது. அவளும் டிஃபென்டர்.

*

குற்றாலம் பேரருவியில் அன்று காலை எட்டு மணியிலிருந்தே தண்ணீர் கூடிக்கொண்டு வந்தது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஏட்டு இசக்கிமணி கயிற்றுக்குப் பின்னால் ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தான். தொப்பியிலிருந்து மூக்கில் தண்ணீர் வடிந்தது. விசிலை ஊதுவதும் கையைக் காட்டுவதுமாக இருந்தான்.

அருவியில் நிற்கும்போது அவன் போனை எடுக்க மாட்டான். பிளாஸ்டிக் உறைக்குள், சட்டைப்பைக்குள் கிடக்கும். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பி அவன் பார்ப்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உலகம்மை ஜெனோவின் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே!"

கேட்கவில்லை. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது.

"லிஸ்ட் வந்துட்டா?"

"வந்துட்டு!"

"என்ன ஜெர்சி நம்பரு குடுத்திருக்க? உன் நம்பரா?"

"இல்ல!"

"என்ன?"

"அபி பேரு இல்லண்ணே!"

"கேக்கல! சத்தமாச் சொல்லு!"

உலகம்மை வாயைக் குவித்து, மைதானத்தில் கத்துகிற கத்தல் கத்தினாள். "லிஸ்ட்ல அபி இல்ல!"

அதை இசக்கிமணி கேட்டான். கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்ற இருபது பேரும் கேட்டார்கள். இளைய கான்ஸ்டபிள் ஒருவன் சட்டென்று வேறுபக்கம் பார்த்துக்கொண்டான். காலையில்தான் அவனுக்கும் சேர்த்து இசக்கிமணி பால்கோவா வாங்கி வைத்திருந்தான்.

விசிலை அந்தக் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கடைகள் பக்கம் கூட்டி வந்தான். ரம்புட்டான் கூடைகளுக்குப் பின்னால் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"விளையாடாதட்டி உலகு."

"இல்லண்ணே. நெசமாத்தான்."

"ஏன்?"

அவள் பதில் யோசித்து வைத்திருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அது சின்னதாகிப் போயிற்று.

"இந்தத் தடவை அவ சரியா இல்ல. அந்த எடத்துக்கு இன்னொரு பிள்ளை..."

"மூணு மாசத்துக்கு முன்னால உன் வாயாலதான சொன்ன, இவ வயசுல என்னைவிட நல்லா ஆடுதான்னு? மூணு மாசத்துல என்ன ஆச்சு?"

உலகம்மை முகத்தில் வடிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"சொந்தக்காரப் பிள்ளையை எடுத்துட்டான்னு நாலு பேரு பேசுவான், அதுக்குப் பயந்துட்ட. அதான?"

"இல்லண்ணே."

"பொறவு என்னன்னு சொல்லு. காரணம் சொல்லு, கேட்டுக்கிடுதேன். ஒத்தக் காரணம்."

ஆறு மணிக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது. உலகம்மை தரையைப் பார்த்தாள். சேற்றில் யாரோ விட்டுப்போன ஷாம்பு பாக்கெட் ஒட்டிக்கிடந்தது.

இசக்கிமணி தலையை மெதுவாக ஆட்டினான். "ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி உன்னை அந்த ஜெபஸ்டின் இப்படித்தான் வெளிய போட்டான். காரணமே சொல்லல. அன்னைக்கு நான் என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியும். அதையே இன்னைக்கு நீ என் பிள்ளைக்குச் செஞ்சிட்ட. அவனாவது அசலான்."

திரும்பிப் போய் விசிலை வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஜெபஸ்டின் சார் அப்போது இந்திய அணியின் கோச். உலகம்மை அணியின் தலைவி. வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அறிவித்த பட்டியலில் அவள் பெயரே இல்லை. 'ஆட்டத்தில் பழைய வேகம் இல்லை' என்று கோச் பத்திரிகைக்காரர்களிடம் ஒற்றை வரி சொன்னார். அதன் பிறகு அவள் இந்தியாவுக்கு ஆடவே இல்லை. இரண்டு மாதத்தில் பயிற்சியில் முழங்கால் போயிற்று, சென்னையில் ஆபரேஷன், இருபத்தெட்டு வயதில் எல்லாம் முடிந்தது. இசக்கிமணி ஜெபஸ்டினைப் போனில் கூப்பிட்டு, போலீஸ்காரனுக்குத் தெரிந்த அத்தனை வார்த்தைகளையும் சொன்னான். இரண்டு வருடம் முன்பு சீசனுக்கு அவர் குடும்பத்தோடு குற்றாலம் வந்தபோது, கும்பிட்ட கையை இவன் கண்டுகொள்ளாமல் நகர்ந்தான்.

இது இசக்கிமணிக்குத் தெரிந்த கதை.

*

மூன்று மணிக்கு மதினி தங்கத்தாய் ஸ்கூட்டரில் முகாமுக்கு வந்தாள். அங்கன்வாடி முடிந்து வீட்டுக்குப் போன கையோடு வந்திருந்தாள், சேலையில் குழந்தைகளின் சாதப் பருக்கை ஒட்டியிருந்தது. வண்டியை விட்டு இறங்கவில்லை.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தேன். பையை எடுத்துட்டு வரச் சொல்லு."

"உள்ள வாங்க மதினி. மழையில நிக்கீங்க."

"நனையட்டும்." முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கு ஃபுட்பால் தெரியாது உலகு. நீ எடுக்கலேன்னா அதுல ஒரு நாயம் இருக்கும். ஆனா அருவியில, அத்தனை பேரு முன்னால வச்சுத்தான் சொல்லணுமா? டூட்டி முடிஞ்சு வந்து சட்டையைக் கூட மாத்தாம உக்காந்திருக்காக. சோத்தைத் தொடல."

"தப்புதான் மதினி. வேற எடத்துல வச்சுச் சொல்லியிருக்கணும்."

"கோச்சாகிட்டா தப்பை ஒத்துக்கிட மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள் தங்கத்தாய். கோபம் பாதி இறங்கியிருந்தது.

அபி பையோடு வந்தாள். எப்போதும் வலது காலைத் தூக்கிப் போட்டு ஒரே தாவலில் வண்டியில் ஏறுகிறவள், இன்று அம்மாவின் தோளைப் பிடித்து, பக்கவாட்டில் உட்கார்ந்தாள். தங்கத்தாய் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். திரும்பி மகளின் காலைப் பார்த்தாள். பிறகு உலகம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

தங்கத்தாய் மகளின் பையை வாங்கிக் காலடியில் வைத்தாள்.

"அஞ்சரைக்கு வீட்டுக்கு வா" என்றாள் தங்கத்தாய், குரலை அடக்கி. "காப்பி போட்டு வைக்கேன்."

*

இலஞ்சியில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். மூன்று நாளாகக் காயாத காக்கிச் சட்டைகள். அவற்றுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இசக்கிமணி உட்கார்ந்திருந்தான். தங்கை உள்ளே வந்ததும் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினான்.

தங்கத்தாய் வந்து அதை அணைத்தாள்.

"ஏன் அமத்துத?"

"உங்க மகளுக்கு ஏதோ சொல்லணுமாம்."

அபி உள்ளறை வாசலில் நின்றாள். ஜெர்சி மாற்றி, பாவாடை கட்டியிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, அப்பாவுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி ஐந்தே முக்கால்.

"அப்பா, அத்தை என்னை எடுக்காதது சரிதான்."

"நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத."

"வக்காலத்து இல்லப்பா." பாவாடையை முழங்காலுக்கு மேல் இழுத்தாள். கட்டை அவிழ்த்தாள். "வியாழக்கிழமை விழுந்துட்டேன். அத்தை வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சிட்டாக. உங்ககிட்ட நான்தான் சொல்லணும்னு நெனச்சேன். லிஸ்ட் வரட்டும்னு நான்தான் கெஞ்சுனேன். காலையில அருவியில அவுக ஒண்ணும் சொல்லாம நின்னது என்னாலதான்."

இசக்கிமணி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். வீங்கிய முழங்காலை இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கிக்கொண்டான்.

"இதோடயா நாலு நாளா நடக்க?"

"ஆமா."

"வலிக்கா?"

"நேரா வச்சா வலிக்கல. திரும்பும்போது முட்டு தனியாப் போற மாதிரி இருக்கு."

"என்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"டிக்கெட் எடுத்துட்டீங்க. லீவு வாங்கிட்டீங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க."

"எனக்கு டிக்கெட்டை கேன்சல் பண்ணத் தெரியாதா?" என்று கேட்டான் இசக்கிமணி. "நான் என்ன கோவாவைப் பாக்கவா டிக்கெட் எடுத்தேன்? உன்னைப் பாக்கத்தான எடுத்தேன்? உன்னை இங்கனயே பாத்துக்கிட மாட்டேனா?"

அபி அப்பாவின் தலையில் நெற்றியை வைத்து அழுதாள். தங்கத்தாய் அடுப்படிக்குள் போனாள். காப்பிப் பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் பலமாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, தரையில் உட்கார்ந்தபடியே இசக்கிமணி தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

"காலையில வாயில வந்ததைப் பேசிட்டேன்."

"பரவால்லண்ணே."

"பரவால்ல இல்ல. உன்னைப் போய் அவனோட சேத்துப் பேசுனேன் பாரு. நீ இவ காலைக் காப்பாத்த எடுக்காம விட்ட. அந்தப் படுபாவி நல்லா இருந்த காலோட உன்னை வெளிய போட்டான். அந்த வெறியிலதான நீ ராப்பகலா பயிற்சி பண்ணி, ரெண்டு மாசத்துல முட்டியை ஒடச்சுக்கிட்ட? உன் வாழ்க்கையைக் கெடுத்தவன் அவன். என் சீவன் இருக்கிற வரைக்கும் அவனை..."

உலகம்மை பேசாமல் இருந்திருக்கலாம். ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவள்தான். அண்ணன் இப்போதுதான் அமைதியாகியிருந்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு அழுகை நடந்து முடிந்திருந்தது.

ஆனால் எதிரே அபி இருந்தாள். பதினாறு வயதுப் பெண்ணிடம் 'வாயாலதான் சொல்லணும்' என்று காலையில் சொல்லியாகிவிட்டது.

"அண்ணே, அவரு என்னை நல்ல காலோட வெளிய போடல."

"என்ன?"

"பட்டியல் வர்றதுக்கு முந்தியே என் முட்டு போயிட்டு. கேம்புக்குத் திரும்பிப் போன முதநாளே அவரு கண்டுபிடிச்சிட்டாரு. நான்தான் கால்ல விழுந்து கெஞ்சுனேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்னு. 'சரி, கெட்ட பேரு என் மேலயே இருக்கட்டும்'னு சொல்லிட்டாரு. அதான் ஆட்டத்துல வேகம் இல்லன்னு பேப்பர்காரங்ககிட்டச் சொன்னாரு. ரெண்டு மாசம் கழிச்சு பயிற்சியில போச்சுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்யி."

இசக்கிமணி எழுந்து நின்றான். இருபத்திரண்டு வருடம் போலீஸ் வேலை பார்த்தவன். தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்க்க அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கேம்புக்குத் திரும்பிப் போன முதநாளுன்னா... அதுக்கு முந்தி அஞ்சு நாள் நீ இங்கனல்ல இருந்த?"

"ஆமா."

"இங்கன வச்சு எங்க விழுந்த?"

அவள் அவனையே பார்த்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மே மாதம் தென்காசியில் புது மைதானம் ஒன்றைத் திறந்தார்கள். காட்சி ஆட்டம் ஒன்று வைத்தது இசக்கிமணிதான். 'இந்திய அணித் தலைவி நம் ஊரில் ஆடுகிறார்' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினான். லீவில் போகும்போது வெளியே எங்கும் ஆடக் கூடாது என்பது முகாமின் கட்டளை. அவள் சொல்லிப் பார்த்தாள். 'ஒரு அரை மணி நேரம் ஏட்டி, ஊரே பாக்கணும்ங்குது' என்றான். ஆடினாள். ஈரத் தரையில் ஒரு திருப்பத்தில் கால் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. ஆட்டம் முடியும்வரை நடந்தே ஆடி முடித்தாள்.

"மேட்ச் முடிஞ்சு உன்னைத் தோள்ல தூக்கிட்டுச் சுத்துனேனே" என்றான் இசக்கிமணி. "கால் ரெண்டையும் இழுத்துப் புடிச்சுக்கிட்டு... மைதானம் பூரா..."

"ஆமாண்ணே."

"அப்பமே போயிட்டா?"

"அப்பமே போயிட்டு."

"நீ சிரிச்சிட்டில்ல இருந்த?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

இசக்கிமணி கொடியில் கிடந்த ஈரச் சட்டை ஒன்றை எடுத்தான். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பக் கொடியிலேயே போட்டான். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அபி அத்தையைப் பார்த்தாள். தங்கத்தாய் காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"போ உலகு" என்றாள். "நான் போனா, ஒண்ணுமில்லன்னு மூஞ்சியைத் துடைச்சிருவாக. உன்னைத் துரத்த மாட்டாக."

*

பின்வாசலில் மாட்டுக் கொட்டகை ஓட்டுக்கு அடியில் அவன் நின்றிருந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. வயலுக்கு அப்பால் மலையின் இடுக்குகளில் புதுசு புதுசாக வெள்ளைக் கோடுகள் இறங்கியிருந்தன.

உலகம்மை பக்கத்தில் போய் நின்றாள். அவன் திரும்பவில்லை.

"நீ எனக்கு அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உங்களால தாங்கியிருக்க முடியாது."

"முடியாதுதான். ஆனா அது என் பாடு. நீயா முடிவு பண்ணி, எனக்குப் பதிலா நீ தூக்கிட்டு அலைஞ்சிருக்க." முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தான். "அந்த மனுசனை என்னெல்லாம் வஞ்சேன் தெரியுமா? அவரு தாயைப் பத்திப் பேசுனேன். அவரு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. கேட்டுக்கிட்டே இருந்துட்டு, 'சரி தம்பி'ன்னு போனை வச்சாரு."

"எனக்குத் தெரியாதுண்ணே. அவரு எங்கிட்ட அதைச் சொன்னதே இல்ல."

"எப்படிச் சொல்லுவாரு?"

மழை வலுத்தது. ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் இருவருக்கும் முன்னால் வரிசையாக விழுந்தது.

"உனக்கு என் மேல கோவமே இல்லையாட்டி? நாப்பத்தாறு மேட்சோட நின்னுட்டில்லா?"

உலகம்மை யோசித்தாள். மழுப்பினால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

"இருந்துது. ஆபரேஷன் முடிஞ்சு கட்டில்ல கெடந்தப்ப ரொம்ப இருந்துது. நீங்க டீ வாங்கிட்டு வந்து ஊதி ஊதிக் குடுப்பீங்க, எனக்கு மூஞ்சியைப் பாக்கப் புடிக்காது. பொறவு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன். கோச் லைசென்ஸ் பரிச்சைக்கு அந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை வச்சுக்கிட்டு அழுதேன். போன வருசம் நம்ம டீம் செமிஃபைனல் போனப்ப, ஓரமா நின்னு கத்திக்கிட்டே இருந்தேனா, அப்பம்தான் கவனிச்சேன், கோவம் இல்ல. எப்பப் போச்சுன்னு தெரியல."

இசக்கிமணி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு கையை நீட்டினான்.

"உன் போனைத் தா. அவரு நம்பரு என்கிட்ட இல்ல."

"இப்பமேவா? நாளைக்கு ஸ்கேன் முடியட்டுமே."

"தள்ளிப் போட்டா நான் பேச மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். தா."

அவள் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. ஆனால் அண்ணன் கை நீட்டியபடி நின்றான். கொடுத்தாள். எண்ணை எடுத்து அழுத்தி, மழைச் சத்தத்தில் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

இரண்டாவது மணியிலேயே ஜெபஸ்டின் சார் எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா உலகம்மை! உன் போனுக்குத்தான் காலையில இருந்து காத்துக்கிட்டிருக்கேன். முடிவு பண்ணிட்டியா? நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள நான் டெல்லி ஃபெடரேஷனுக்குச் சொல்லியாகணும். இந்தியா ஜூனியர் டீமுக்கு ஹெட் கோச்சா வான்னு கூப்பிட்டா, வீட்டுல ஒரு பிரச்சினை, யோசிக்கணும்னு சொன்ன முதல் ஆள் நீதான். ஞாயித்துக்கிழமை நீ அங்க இருக்கணும். அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாதும்மா."

இசக்கிமணி மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தான்.

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அழைப்பு வந்து மூன்று நாள் ஆகிறது. வீங்கிய முழங்காலோடு ஒரு பெண் தன்னை நம்பி இருக்கையில் அதைப் பற்றி யாரிடமும் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

"இன்னும் என்னல்லாம்ட்டி மறைச்சு வச்சிருக்க?" என்றான் இசக்கிமணி. கேட்டும் கேளாத குரல்.

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா?"

இசக்கிமணி தொண்டையைச் செருமினான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சார், நான் அவ அண்ணன் பேசுதேன். இசக்கிமணி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"வச்சிராதீங்க சார். இன்னைக்கு வையுறதுக்குக் கூப்பிடல. நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அதைச் சொல்லி முடிச்சிருதேன். பொறவு ஏதோ வேலைன்னு சொன்னீங்கள்லா, அதை எனக்கு முழுசாச் சொல்லுங்க. இவ சொல்ல மாட்டா."